லாக்ஸ் வளர்ப்பது எப்படி: கட்டம் பிரிப்பதிலிருந்து முதிர்ந்த சடை வரை

லாக்ஸ், அதாவது முடியைத் தனித்தனிக் கொத்துகளாகச் சிக்கவிட்டுக் கயிறுபோல இறுகவைக்கும் சடை (ட்ரெட்லாக்ஸ்), வளர்க்க நினைப்பவர்கள் முதலில் விசாரிப்பது எந்த ஜெல் நல்லது என்பதை. முதலில் முடிவு செய்ய வேண்டியதோ தலையில் எத்தனை சடை, ஒவ்வொன்றும் எவ்வளவு தடிமன் என்பதை. ஜெல்லை அடுத்த வாரமே மாற்றிவிடலாம். தலையில் பிரித்த கட்டங்களை அப்படி மாற்ற முடியாது.

முறுக்க முறுக்கத்தான் சடை உருவாகும் என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. அது சரியல்ல. எல்லோருக்கும் தினமும் 50 முதல் 100 முடி வரை உதிர்கிறது. லாக்ஸ் போட்ட தலையில் உதிர்ந்த முடி கீழே விழாமல் சடைக்குள்ளேயே தங்கி, பக்கத்து முடியோடு சிக்கிக்கொள்ளும். கழுவும்போது அந்தச் சிக்கல் பெருகும், காயும்போது இறுகும். கையால் முறுக்குவது வேர்ப்பகுதியை ஒழுங்குபடுத்த மட்டுமே. கீழே உள்ள எல்லாப் படிகளும் இந்த ஒரு காரணத்திலிருந்து வருபவை.

1. தொடங்கும் முன் தலைத்தோலைப் பாருங்கள்

பொடுகு, புண், வட்ட வட்டமான படை, ஓயாத அரிப்பு எதுவாக இருந்தாலும் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். சடை போட்ட பிறகு சீப்பு உள்ளே போகாது, மருந்து தடவுவதும் இரட்டிப்பு வேலையாகிவிடும்.

நெற்றியோரத்திலும் காதருகிலுள்ள பொட்டுப் பகுதியிலும் முடி மெலிந்திருந்தாலோ, பிரசவத்துக்குப் பின் அல்லது காய்ச்சலுக்குப் பின் கொத்துக் கொத்தாகக் கொட்டிக்கொண்டிருந்தாலோ, அது நின்று புதுமுடி வரும்வரை காத்திருங்கள். சடையின் எடை முழுவதையும் தாங்கப்போவது அந்த வேர்கள்தான்.

ரசாயனம் போட்டு நேராக்கிய முடி எளிதில் சடையாகாது. அந்தப் பகுதியை வெட்டிவிடுங்கள், அல்லது வேரிலிருந்து இயற்கையான முடி போதிய அளவு வளரும்வரை பொறுத்திருங்கள். பாதி நேர்முடி, பாதி சுருள்முடி என்று தொடங்கினால் நுனிப்பகுதி மாதக்கணக்கில் பிரிந்துகொண்டே இருக்கும்.

தேவையான நீளம் முடியின் வகையைப் பொறுத்தது. இறுக்கமான சுருள்முடிக்கு 3 முதல் 5 செ.மீ. போதும். தளர்ந்த சுருளுக்கு 8 முதல் 10 செ.மீ. வேண்டும். நேர்முடியாக இருந்தால் 15 செ.மீ. ஆவது இருக்கட்டும். அதற்குக் குறைந்தால் முடிச்சு நிற்காது.

2. கையில் வைத்திருக்க வேண்டியவை

எச்சம் விடாமல் அலசப்படும் ஷாம்பு, கூர்வால் சீப்பு, 30 கிளிப், தண்ணீர் தெளிக்கும் பாட்டில், மைக்ரோஃபைபர் துண்டு, சாட்டின் தலைத்துணி, ஹேர் டிரையர். சுருள்முடிக்கு இவற்றோடு கற்றாழை அல்லது ஆளிவிதை ஜெல். நேர்முடிக்கு ஜெல் வேண்டாம், பதிலாக 0.5 முதல் 0.75 மி.மீ. வரையிலான குரோஷே ஊசி (கொக்கி முனை கொண்ட பின்னல் ஊசி) வேண்டும்.

வாங்கக்கூடாதவை முக்கியம். தேன்மெழுகு, பெட்ரோலியம் ஜெல்லி, கெட்டியான கிரீம் எதுவும் வேண்டாம். மெழுகு தண்ணீரில் கரையாது, ஷாம்புக்கும் முழுதாக அசையாது. சடை இறுக இறுக அது நடுவில் மாட்டிக்கொண்டு தூசியையும் நூலிழைகளையும் பிடித்துவைக்கும். ஒரு வருடம் கழித்துச் சாம்பல் நிறத்தில் தெரியும்போது பெரும்பாலும் கத்தரிக்கோல்தான் மிச்சம். மெழுகு போட்டால் சீக்கிரம் சடையாகும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். அது முடியைப் பிடித்து ஒட்டவைக்கும், சிக்கவிடாது.

3. எண்ணிக்கையும் கட்டமும்

தலையில் பிரிக்கும் ஒவ்வொரு கட்டமும் ஒரு சடை. பக்கத்துக்கு 1 செ.மீ. என்றால் மெல்லிய சடைகள், எண்ணிக்கை மிக அதிகமாக வரும். 2 செ.மீ. நடுத்தரம். 2.5 செ.மீ.க்கு மேல் போனால் தடித்த சடைகள், எண்ணிக்கை குறையும். ஒரே அளவுக் கட்டத்தில் அடர்த்தியான முடி தடித்த சடையாகவும், மெலிந்த முடி ஒல்லிச் சடையாகவும் வரும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

மெல்லிய சடை பல விதமாக வாரிக்கட்ட வசதி, சீக்கிரம் காயும். ஆனால் ஒவ்வொரு முறை வேரைச் சரிசெய்யவும் பல மணி நேரம் ஆகும். தடித்த சடைக்கு வேலை குறைவு, காய நேரம் அதிகம், எடையும் அதிகம். எது வேண்டும் என்று குழம்பினால் நடுத்தரத்தைத் தேர்ந்தெடுங்கள். இரண்டை ஒன்றாகச் சேர்ப்பது பிற்பாடும் முடியும், ஒன்றை இரண்டாகப் பிரிப்பது மிகக் கடினம்.

பிரிக்கும் வரிசை இது:

முடியைக் கழுவி, முழுக்கக் காயவைத்து, சிக்கில்லாமல் சீவுங்கள். பிடரியின் அடிவரிசையில் தொடங்கி உச்சி நோக்கி வரிசை வரிசையாகப் போங்கள். பிடரி மறைவான இடம், கை பழகும்வரை நேரும் கோணல் அங்கே தெரியாது.

அடுத்த வரிசையின் கட்டத்தை, கீழ்வரிசையின் இரண்டு கட்டங்களுக்கு நடுவில் வரும்படி போடுங்கள், செங்கல் அடுக்குவது போல. நேர்க்கோட்டில் ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டால் வகிடுகள் தலை முழுவதும் சந்து சந்தாகத் தெரியும்.

நெற்றியோரமும் காதோரமும் முடி மெல்லியதாக இருக்கும். அங்கே கட்டத்தைச் சற்றுப் பெரிதாக எடுங்கள். மற்ற இடத்தின் அளவையே அங்கும் போட்டு, ஒரு வருடத்தில் ஓரச் சடைகள் நூலாகி அறுந்துபோனவர்கள் நிறைய.

எல்லாக் கட்டங்களையும் பிரித்துக் கிளிப் மாட்டியபின் கண்ணாடியில் ஒரு முறை முழுதாகப் பாருங்கள். திருத்துவதற்கு இதுதான் கடைசி வாய்ப்பு.

4. தொடங்கும் முறையைத் தேர்ந்தெடுத்தல்

இறுக்கமான, குட்டையான சுருள்முடிக்குச் சீப்புச் சுருள் ஏற்றது. கட்டத்தை ஈரமாக்கி, துளி ஜெல் தடவி, சீப்பை வேரில் வைத்து ஒரே திசையில் சுழற்றியபடி நுனிவரை இறக்குங்கள். சீராக வரும், எளிதில் சடையாகும். ஆனால் முதல் சில வாரங்களில் தண்ணீர் பட்டால் கலைந்துவிடும்.

8 செ.மீ.க்கு மேல் உள்ள சுருள்முடிக்கு இரட்டைப்புரி நல்லது. கட்டத்தை இரண்டாகப் பிரித்து ஒன்றின்மேல் ஒன்றாகச் சுற்றுங்கள். இது கழுவினாலும் நிற்கும், உடற்பயிற்சி செய்கிறவர்களுக்கு இதையே சொல்வோம். புரியின் வடிவம் பல மாதம் தெரியும், பிறகு தானாக மறையும்.

நேர்முடிக்கும் லேசான அலைமுடிக்கும் பின்சீவல். கட்டத்தின் நுனியை இறுக்கிப் பிடித்து, வேரிலிருந்து 2 செ.மீ. மேலே பற்கள் நெருங்கிய சீப்பை வைத்துத் தலைத்தோல் நோக்கித் தள்ளுங்கள். முடிச்சுப் பந்து சேர்ந்ததும் அடுத்த 2 செ.மீ.க்கு நகருங்கள். நுனிவரை முடிந்த பின் குரோஷே ஊசியால் வெளியே நீட்டிய இழைகளை உள்ளே இழுத்து இறுக்குங்கள். ஊசி குறுக்காகப் போய்வரட்டும், ஒரே இடத்தில் பத்துப் பதினைந்து முறை குத்தாதீர்கள், அங்கே முடி அறுந்துவிடும்.

எதுவும் செய்யாமல் கழுவிக் காயவிட்டு, தானாகச் சேரும் கொத்துகளை மட்டும் கையால் பிரித்துவிடும் இயல்முறையும் உண்டு. இறுக்கமான சுருள்முடிக்கு இது அழகாக அமையும். அளவு ஒன்றுபோல் வராது என்பதை ஏற்றுக்கொள்பவர்களுக்கு மட்டும்.

5. முதல் நான்கு வாரம்

சீப்புச் சுருளோ இரட்டைப்புரியோ போட்டிருந்தால் முதல் 2 முதல் 4 வாரம் கழுவாமல் விடுங்கள். அரிப்பு வரும். தண்ணீரில் சில துளி கற்றாழைச் சாறு கலந்து தலைத்தோலில் தெளித்து விரல்நுனியால் ஒற்றுங்கள். பஞ்சால் துடைக்காதீர்கள், பஞ்சிழை சடையில் ஒட்டிக்கொள்ளும்.

முதல் கழுவலுக்கு மெல்லிய வலைத்தொப்பியைத் தலையில் போட்டு, அதன் மேலேயே நுரைத்துத் தேய்த்து அலசுங்கள். சில சுருள்கள் கலையும். ஈரத்திலேயே அதே திசையில் திரும்ப முறுக்கிவிட்டால் போதும், பதறவேண்டியதில்லை.

பின்சீவிய நேர்முடிக்குக் கணக்கு வேறு. ஒரு வாரம் ஆனதும் கழுவத் தொடங்கி, பிறகு வாரம் இரண்டு முறை கழுவுங்கள். எண்ணெய்ப் பிசுக்கில் நேர்முடி வழுக்கிக்கொண்டு பிரியும். சுத்தமான, உலர்ந்த முடிதான் சிக்கும்.

6. கழுவுதல்

கழுவினால் லாக்ஸ் கெட்டுவிடும் என்று பயந்து மாதக்கணக்கில் கழுவாமல் இருப்பது புதியவர்களிடம் மிகப் பரவலான தவறு. அழுக்குச் சடை இறுகாது, நாறும், தலைத்தோல் புண்ணாகும். முதல் மாதத்துக்குப் பிறகு 1 முதல் 2 வாரத்துக்கு ஒரு முறை கழுவுங்கள். வியர்வை அதிகமானால் வாரம் ஒரு முறை.

ஷாம்புவை நேராகத் தலையில் ஊற்ற வேண்டாம். ஒரு பங்கு ஷாம்புக்கு நான்கு பங்கு தண்ணீர் கலந்து கூர்வாய்ப் பாட்டிலில் எடுத்துக்கொண்டு வகிடு வகிடாக விடுங்கள். கெட்டியாக ஊற்றினால் ஓரிடத்தில் தேங்கி, சடைக்குள் புகுந்து, அலசினாலும் வெளியேறாது.

விரல்நுனியால் தலைத்தோலை மட்டும் தேயுங்கள், நகம் படவேண்டாம். சடைகளைத் தனியாகக் கசக்கவேண்டியதில்லை, வழியும் நுரையே அவற்றைக் கழுவும். முதிர்ந்த சடைகளை மட்டும் கைக்குள் வைத்துப் பிழியலாம்.

நுரைக்க எடுத்த நேரத்தைப் போல இரு மடங்கு அலசுங்கள். ஒரு சடையைப் பிழிந்து பாருங்கள், வடியும் நீர் தெளிவாக இருந்து, விரலில் வழவழப்பு ஒட்டாதிருந்தால் சரி. கண்டிஷனர் வேண்டாம். முடியை வழுக்கிப் பிரிப்பதற்காகவே செய்யப்பட்டது அது, இங்கே நமக்கு வேண்டியது அதற்கு நேர்மாறு.

அலசியதும், ஈரமாக இருக்கும்போதே, வேரில் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும் சடைகளை வரிசையாக இழுத்துப் பிரியுங்கள். இந்த ஐந்து நிமிட வேலையைத் தவறவிட்டால் இரண்டு மூன்று கழுவலில் இரண்டு சடை ஒன்றாகிவிடும்.

7. உலர்த்துதல்

லாக்ஸ் பராமரிப்பில் வேறு எதைத் தள்ளிப்போட்டாலும் இதைத் தள்ளிப்போடக்கூடாது. சடை வெளியே காய்ந்த பிறகும் நடுவில் ஈரம் பல மணி நேரம் நிற்கும். அந்த ஈரத்தோடு தொப்பி போட்டாலும், கொண்டை போட்டாலும், படுத்தாலும் உள்ளே பூஞ்சை பிடிக்கும். நனைந்த துணியை மடித்துவைத்தால் வரும் அதே புழுங்கிய வாடை சடையிலும் வரும்.

காலையில் கழுவுங்கள். மைக்ரோஃபைபர் துண்டால் சடை சடையாகப் பிழியுங்கள், முறுக்காதீர்கள். பூத்துவாலை வேண்டாம், அதன் இழைகள் சடையில் தங்கும். பிறகு தொங்கவிட்டுக் காற்றிலோ, டிரையரின் மிதமான சூட்டிலோ காயவையுங்கள். தடித்த சடைக்கு ஒரு நாள் முழுவதும் ஆகலாம்.

காய்ந்துவிட்டதா என்று கண்ணால் பார்த்து முடிவு செய்யமுடியாது. பிடரியில் உள்ள தடித்த சடை ஒன்றை எடுத்து, அதன் நடுப்பகுதியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். வெளிப்புறம் உலர்வாகத் தெரிந்தாலும் விரலில் மெல்லக் குளிர்ச்சி ஏறினால் உள்ளே ஈரம் இருக்கிறது. பிடரிதான் கடைசியாகக் காயும், அங்கே காய்ந்தால் எங்கும் காய்ந்த கணக்கு.

புழுங்கிய வாடை ஏற்கனவே வந்துவிட்டால், ஒரு பங்கு ஆப்பிள் வினிகருக்கு நான்கு பங்கு தண்ணீர் கலந்து சடைகளை 10 நிமிடம் ஊறவைத்து, நன்றாக அலசி, முழுக்கக் காயவையுங்கள். தலைத்தோலில் புண் இருந்தால் வினிகர் வேண்டாம், எரியும். இரண்டு முறை செய்தும் வாடை திரும்பினால் அந்தச் சடையை இழக்கவேண்டி வரலாம்.

8. ரீட்விஸ்ட்

முடி மாதத்துக்குச் சுமார் 1 முதல் 1.25 செ.மீ. வளரும். அந்தப் புதுமுடியைச் சடையோடு சேர்க்கும் வேலைதான் ரீட்விஸ்ட். 4 முதல் 6 வாரத்துக்கு ஒரு முறை போதும். வாரா வாரம் செய்பவர்களின் சடை வேரில் மெலியும். முறுக்குவதற்கு அங்கே புதுமுடியே இருக்காது, பழைய முடியைத்தான் மறுபடி மறுபடி திருகுகிறார்கள்.

கழுவிய, லேசாக ஈரமான தலையில் செய்யுங்கள். காய்ந்த முடியைத் திருகினால் ஒடியும். பட்டாணி அளவு ஜெல்லைப் புறங்கையில் வைத்துக்கொண்டு, விரல்நுனியில் தொட்டுத் தொட்டு வேரில் மட்டும் தடவுங்கள். உள்ளங்கைகளுக்கிடையில் சடையை உருட்டி, வேரில் கிளிப் மாட்டிக் காயவிடுங்கள். முதல் நாள் வலப்பக்கமாகத் திருகியிருந்தால் என்றைக்கும் வலப்பக்கமாகவே திருகுங்கள். திசை மாறினால் சடை பிரியும். வேறொருவர் கையில் கொடுப்பதாக இருந்தால் திசையை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

முடித்ததும் நெற்றியை உயர்த்திப் பாருங்கள். தோல் இழுத்தாலோ, வேரில் சின்னச் சின்னக் கொப்புளம் கிளம்பினாலோ, படுக்கும்போது வலித்தாலோ இறுக்கம் அதிகம், உடனே தளர்த்துங்கள். இழுவையால் வரும் முடி உதிர்வு ஆரம்பத்தில் கவனித்தால் சரியாகும், வருடக்கணக்கில் தொடர்ந்தால் அந்த இடத்தில் முடி திரும்ப முளைக்காது. ரீட்விஸ்ட் செய்த இரண்டு நாளைக்கு உயரக் கொண்டை போடாதீர்கள்.

9. இன்டர்லாக்கிங்

தளர்ந்த சுருள், நேர்முடி, அடிக்கடி நீந்துபவர்கள் ஆகியோருக்கு ரீட்விஸ்ட் நிற்காது. அவர்களுக்கு இது. சடையின் நுனியை ஊசியில் கோத்து, வேரிலுள்ள புதுமுடியின் ஊடாக இழுத்து எடுக்க வேண்டும்.

நான்கு திசை வரிசையை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: வலமிருந்து இடம், மேலிருந்து கீழ், இடமிருந்து வலம், கீழிருந்து மேல். ஒரே திசையில் அடுத்தடுத்து இரண்டு முறை இழுத்தால் வேர் இரண்டு கால்களாகப் பிரிந்து நடுவில் ஓட்டை விழும். அந்த ஓட்டை வளர்ச்சியோடு கீழே இறங்கி, சடையின் பலவீனமான இடமாக நிரந்தரமாக நிற்கும். தலைத்தோலை ஒட்ட இறுக்காமல் அரை செ.மீ. தளர்வு விட்டு நிறுத்துங்கள். 6 முதல் 8 வார இடைவெளி சரி.

10. மாதங்கள் செல்லச் செல்ல

முதல் 3 முதல் 6 மாதம் சுருள்கள் மென்மையாக, தனித்தனியாக இருக்கும். அடுத்து, சடையின் நடுவிலோ நுனியருகிலோ சிறு உருண்டை தட்டுப்படும், சடை உப்பும், பிசிர் நிற்கும், நீளமும் சுருங்கும். இறுக்கமான சுருள்முடியில் மூன்றில் ஒரு பங்குகூட நீளம் குறைந்ததுபோல் தெரியலாம். இந்தக் கட்டத்தில்தான் பலர் மனம் தளர்ந்து எல்லாவற்றையும் அவிழ்க்கிறார்கள், அல்லது பிசிரை ஒழிக்க ஊசியை எடுக்கிறார்கள். அந்த உருண்டைதான் சடையின் கரு. அதைக் குத்தாதீர்கள், நசுக்காதீர்கள்.

அதன் பிறகு சடை கெட்டிப்படும், எந்தப் பக்கமும் படியாமல் விறைத்து நிற்கும். 12 முதல் 18 மாதத்தில், நேர்முடிக்கு இன்னும் தாமதமாக, எடை கூடித் தொங்கத் தொடங்கும். பக்கத்தில் இருப்பவரின் சடையோடு உங்களுடையதை ஒப்பிடாதீர்கள். ஒரே தலையிலேயே பிடரியும் உச்சியும் ஒரே வேகத்தில் முதிராது.

11. வழக்கமாக வரும் சிக்கல்கள்

வெள்ளையாகப் படிவது: ஜெல் அளவு அதிகம், அல்லது அலசல் போதவில்லை. ஜெல்லைப் பாதியாகக் குறையுங்கள். ஒரு வருடம் கடந்த சடையானால், ஒரு பேசின் வெந்நீரில் 2 மேசைக்கரண்டி சமையல் சோடா கலந்து 15 நிமிடம் ஊறவைத்து அலசலாம். சோடா காரத்தன்மை கொண்டது, முடியை வறட்டும், எனவே வருடத்துக்கு இரண்டு முறைக்கு மேல் வேண்டாம். சோடாவோடு வினிகரைக் கலந்தால் நுரை பொங்கும், ஆனால் இரண்டும் ஒன்றையொன்று செயலிழக்கச் செய்துவிடும். சோடா நீரை அலசிய பிறகே வினிகர் நீர்.

நூலிழைகள்: கம்பளித் தொப்பி, பருத்தித் தலையணை உறை ஆகியவற்றிலிருந்து வருபவை. மேலோட்டமாக இருக்கும்போதே சாமணத்தால் எடுங்கள். உள்ளே போனதைத் தோண்டினால் சடைதான் போகும்.

சடை நடுவில் மெலிவது: ஒவ்வொரு கழுவலின்போதும் அந்த இடத்தைத் தொட்டுப் பாருங்கள். பாதிக்குமேல் மெலிந்தால், சீவி எடுத்த உங்கள் முடியையே குரோஷே ஊசியால் அங்கே கோத்துப் பின்னலாம், அல்லது பக்கத்துச் சடையோடு வேரில் இணைக்கலாம்.

பொடுகு: கீட்டோகோனசோல் அல்லது ஜிங்க் பைரிதியான் உள்ள ஷாம்புவைத் தலைத்தோலில் 3 முதல் 5 நிமிடம் விட்டு அலசுங்கள். எண்ணெய் ஊற்றினால் பொடுகு போகாது, சில வேளைகளில் கூடவே செய்யும்.

வறட்சி: ஜோஜோபா போன்ற இலகுவான எண்ணெய் நான்கைந்து துளி, தலைத்தோலுக்கு மட்டும். தேங்காயெண்ணெய் சுமார் 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உறையும், குளிரில் சடைக்குள் கட்டிதட்டும். அதனால் கொஞ்சமாக, சூடான பருவத்தில் மட்டும் பயன்படுத்துங்கள்.

12. தூக்கம், நீச்சல், சாயம்

இரவில் சாட்டின் துணி கட்டிப் படுங்கள். பருத்தி உறை ஈரப்பசையை உறிஞ்சும், இழையும் விடும்.

நீந்தும் முன் சாதாரணத் தண்ணீரில் சடையை நனைத்துவிட்டால் குளோரினும் உப்பும் குறைவாகவே ஏறும். வந்ததும் அலசி, ஏழாவது படியில் சொன்னபடி காயவையுங்கள்.

நிறம் வெளுக்கும் பிளீச்சை முதல் வருடத்தில் தொடவேண்டாம். அது முடியின் பலத்தைக் குறைக்கும், சடைக்குள் போன ரசாயனத்தை முழுதாக அலசி எடுப்பதும் கடினம்.

13. அவிழ்க்க வேண்டி வந்தால்

ஒரேயடியாக வெட்டித்தான் ஆகவேண்டும் என்பதில்லை. நீளமான சடையானால் நுனியில் ஒரு பகுதியை வெட்டிவிட்டு, மீதியைச் சுடுநீரிலும் நிறைய கண்டிஷனரிலும் ஊறவையுங்கள். உலோகப் பல் சீப்பின் வாலால் நுனியிலிருந்து வேர் நோக்கி, ஒரு தடவைக்கு அரை செ.மீ. மட்டும் பிரித்துக்கொண்டே வாருங்கள். முழுத்தலைக்கும் பல நாள் ஆகும், கைகொடுக்க இன்னொருவர் இருந்தால் நல்லது. கொத்துக் கொத்தாக முடி கையோடு வரும். அதில் பெரும்பகுதி இத்தனை வருடமும் உதிர்ந்து உள்ளே தங்கியிருந்த முடி. நுனியில் வெள்ளை வேர்முனை ஒட்டியிருந்தால் அது உதிர்ந்த முடி. இரு முனையும் மொட்டையாக இருந்தால் இப்போது ஒடிகிறது என்று பொருள், அப்போது கண்டிஷனரைக் கூட்டி வேகத்தைக் குறையுங்கள்.